தம்பிக்கு, பெரிய தாத்தாவைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ வேலை அவசரத்தில் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய், எனக்கும் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதலாம் என்று நினைத்தேன். ஆபீசில் வைத்துப் பிரிக்காதே. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக வாசி.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனாலும் சும்மா இருக்கமாட்டேன் என்கிறார். வாசல் இஸ்தோப்புப் படி உடைந்து கிடந்ததே, அதைச் சிமெந்து போட்டுக் கட்டிவிட்டார். முன் காம்பராவுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. கதவுக்குப் பச்சைப் பெயின்ட் வாங்கி வைத்திருக்கிறார். காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியாயிற்று, ராத்திரியில் கீழ் லயத்து வீடுகளிலிருந்து தப்புச் சத்தம் கேட்கிறது. இந்த வருஷம் ரதி வேஷம் கட்டுவது உன்னோடு படித்தானே அவனுடைய தம்பி. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அன்றைக்கு நீ ஒன்று கேட்டாய். பெண் வீட்டில் நம் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார்களாம், படித்தவர்கள் யார் யார் என்று. அதற்குப் பெரிய தாத்தாவைச் சொல்லலாம் என்று உனக்குத் தோன்றியதாம். "அவர் வாத்தியார்தானேம்மா? தமிழ்ப் பண்டிதர் என்று சொன்னால் பிழை இல்லையே?" என்று கேட்டாய். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, எனக்கு உடனே பதில் வரவில்லை.

இப்போது சொல்கிறேன். பெரிய தாத்தா வாத்தியார் இல்லை. பண்டிதர் பட்டம் எதுவும் அவருக்கு இல்லை. அவர் ஸ்டோரில், தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தவர். கொழுந்தை வாட்டப் போடுகிற மேல் மாடியில் பாதி ஆயுசு, பிறகு ரோலரில், கடைசிக் காலத்தில் டிரையரில் நெருப்புப் பக்கம். தோட்டத்துப் பெயர்ப் பதிவான செக்ரோலில் பென்ஷன் இல்லாத ஒரு தொழிலாளியாகவே பெயர் எழுதி, தொழிலாளியாகவே பெயர் வெட்டப்பட்டவர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தார், ஏனென்றால் அதற்கு மேல் அங்கே வகுப்பு கிடையாது. ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் ஒரே சத்தத்தில், அவ்வளவுதான் அன்றைய பள்ளிக்கூடம்.

அவருக்குப் படிப்பு வந்தது அந்த மேல் மாடியில்தான். பறித்த கொழுந்து 12 மணித்தியாலத்துக்கு மேல் வாட வேண்டும், அந்தக் காலத்தில் சாக்குத் துணித் தட்டுகளில் விரித்து வைப்பார்கள், ராத்திரி முழுக்க ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அதிகம் வாடினாலும் பிழை, வாடாமல் விட்டாலும் பிழை. மற்றவர்கள் தட்டுக்கு அடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒரு கண் தூங்குவார்கள். இவர் பல்புக்குக் கீழே புத்தகத்தை வைத்துக்கொண்டு நிற்பார். உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும் என்று நின்றே வாசிப்பாராம். ஊருக்குப் போன ஒரு கணக்கப்பிள்ளை தகரப் பெட்டி நிறைய விட்டுப் போன புத்தகங்கள் அவை, இலக்கணம், உரை, புராணம், சோதிடம் என்று எல்லாம் கலந்து கிடந்தது. கற்றுக்கொடுக்க ஆள் இல்லாததால் ஒரு பக்கத்தை விளங்கும் வரை திரும்பத் திரும்ப வாசிப்பாராம், சில பக்கத்துக்கு ஒரு மாதம் போயிற்று என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் ஹட்டனில் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் கூட்டத்துக்கு அவருடைய அப்பா தோளில் தூக்கிப் போயிருக்கிறார். அங்கே நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் மேடையில் நின்று பாடியதைக் கேட்டதுதான் தனக்குத் தமிழில் ஆசை வந்த இடம் என்பார்.

சிங்களம் படித்தது எப்படி என்று உனக்குத் தெரியுமா? 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு, தோட்டத்துக்கு வருகிற கடுதாசி எல்லாம் சிங்களத்தில் வர ஆரம்பித்துவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் புரியாது. பெரிய தாத்தாவுக்கு அப்போது முப்பது வயது தாண்டிவிட்டது, கல்யாணமாகிப் பிள்ளைகள் இருந்தார்கள். ரோட்டோரக் கடை முதலாளியிடம் போய், "உங்கள் மகனுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன், எனக்கு உங்கள் எழுத்தைச் சொல்லித் தாருங்கள்" என்று கேட்டு, அந்தச் சின்னப் பையனோடு சமமாக உட்கார்ந்து படித்தார். அந்தப் பையனுக்கு இன்று வயதாகிவிட்டது. பெரிய தாத்தாவின் திவசத்துக்கு ஒவ்வொரு வருஷமும் வாழைப்பழச் சீப்பு கொண்டு வருகிறவர் அவர்தான், நீ பார்த்திருக்கிறாய்.

நீ இதையெல்லாம் அவர்களுக்குச் சொல்லலாமே என்று நினைத்தேன். ஸ்டோரில் வேலை செய்தவர் என்று சொல்லிவிட்டு இதைச் சொன்னால் கேட்க நன்றாக இருக்காதா? பண்டிதர் என்று சொன்னால் இதில் ஒன்றையும் சொல்ல முடியாமல் போகும்.

கடுதாசி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. லயத்து வீடுகளுக்கு என்று தனி முகவரி அப்போது இல்லை, இப்போதும் நிறையப் பேருக்கு இல்லை, யாருக்கு வந்தாலும் எல்லாக் கடுதாசியும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும். அங்கே ஒரு பெட்டியில் கிடக்கும், கொடுக்கிறவர் மனசு வைத்தால் அன்றே கிடைக்கும், இல்லாவிட்டால் கிடக்கும். பெரிய தாத்தா ராத்திரி வேலை முடிந்து தூங்காமல் நேரே ஆபீஸ் வாசலில் போய் நிற்பார். தோட்டத்தில் நம் டிவிஷன் கடுதாசிகளை வாங்கிக்கொண்டு வந்து, ஒவ்வொரு காம்பராவாகக் கொடுத்து, வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துச் சொல்வார். வாசிக்கும்போது மற்றவர்களை வெளியே போகச் சொல்வார். என்ன எழுதியிருந்தது என்று அவர் வாயிலிருந்து இன்னொரு ஆளுக்குப் போனதே இல்லை, அவர் மனைவி, என் பெரியம்மாவுக்குக் கூடச் சொல்லமாட்டார். இந்தியாவுக்குப் போனவர்களிடமிருந்து சாவுச் செய்தி வரும். அப்படிப்பட்ட கடுதாசி என்றால் முதலில், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பார். சாப்பிடவில்லை என்றால், "சாப்பிட்டுவிட்டு வா, நான் இருக்கிறேன்" என்று இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பார். அவர்கள் ரொட்டியைத் தின்று தண்ணீர் குடித்துவிட்டு வந்த பிறகுதான் பிரித்து வாசிப்பார். பிறகு பிறகு எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. "சாப்பிட்டியா" என்று அவர் கேட்டாலே சில பொம்பிளைகள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். அப்படியும் அவர் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

எனக்கு ஆசிரியர் நியமனம் வந்த கடுதாசியும் அந்தப் பெட்டியில்தான் கிடந்தது. சேர வேண்டிய தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது தேடி எடுத்து வந்தது அவர்தான். அவர் அன்றைக்குப் போய் நிற்காவிட்டால் நான் கொழுந்துக் கூடை போட்டிருப்பேன், நீ எங்கே இருந்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது.

நீ நன்றாகப் படித்தாய். நம் டிவிஷனில் இருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு முதலில் போனது நீதான், அதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. உயர்தர ரிசல்ட் வந்த அன்றைக்கு அப்பா லயம் முழுக்கத் தேத்தண்ணி ஊற்றினார், கோயில் மணியை யாரோ நேரம் இல்லாத நேரத்தில் அடித்தார்கள். கீழ் லயத்துக் கிழவி ஒருத்தி சேலைத் தலைப்பிலிருந்து நூறு ரூபாயை அவிழ்த்து உன் கையில் வைத்தாள், நீ வேண்டாம் என்று சொன்னாய், நான் வாங்கிக்கொள் என்று கண் காட்டினேன். அவள் போன மழைக் காலத்தில் போய்விட்டாள். உனக்குச் செய்தி அனுப்பினேன், நீ ஒரு படம் மட்டும் திருப்பி அனுப்பினாய், கை கூப்புகிற படம். வேலையாக இருந்திருப்பாய்.

தீபாவளிக்கும் நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய். சரி. பொங்கலுக்கும் வரவில்லை.

ராத்திரி பஸ்ஸில் மட்டும் வராதே. காலைக் கோச்சியில் ஏறினால் ஹட்டனில் இறங்கி ஆறுதலாக வரலாம், கினிகத்தேனை வளைவில் ராத்திரியில் எப்படி ஓட்டுகிறார்கள் என்று உனக்குத் தெரியும்.

என்ன சொல்ல வந்தேன். குடியுரிமைப் படிவம். அதை நீ புத்தகத்தில் படித்திருப்பாய், என்னைவிட நன்றாகச் சொல்வாய், ஆனால் அது நம் வீட்டு இஸ்தோப்பில் எப்படி நடந்தது என்று உனக்கு யாரும் சொன்னதில்லை. 1947 தேர்தலில் இந்திய வம்சாவளியான நம் ஆட்கள் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள், அடுத்த வருஷமே சட்டம் வந்து குடியுரிமை போயிற்று, அதற்கு அடுத்த வருஷம் வாக்கும் போயிற்று. பிறகு விண்ணப்பம் போடலாம் என்று 1949இல் இன்னொரு சட்டம் வந்தது, 1951 ஆகஸ்ட் வரை தவணை. கல்யாணமானவர் என்றால் 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னால் ஏழு வருஷம், ஆகாதவர் என்றால் பத்து வருஷம், விடாமல் இங்கேயே இருந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். லயத்துக் காம்பராவில் யார் அத்தாட்சி வைத்திருப்பார்கள்? பெரிய தாத்தா அப்போது வாலிபன். அரிசிப் புத்தகம், பழைய செக்ரோல், பிள்ளைக்குப் பேர் வைத்த தேதி, யாருக்குப் பின்னால் யார் பிறந்தார்கள் என்று கிழவிகள் சொல்லும் கணக்கு, இதையெல்லாம் சேர்த்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுதினார். எழுதியதற்கு ஒரு சதம் வாங்கவில்லை. ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்தார், வெற்றிலை கொடுத்தால் போட்டார், அவ்வளவுதான். நாடு முழுக்க எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்களுக்கு விண்ணப்பம் போய், சுமார் 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. எத்தனையோ வருஷம் பதில் வராமல் இழுத்தது. "நிராகரிக்கப்பட்டது" என்று வந்த கடுதாசிகளையும் அவர்தான் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது, எழுதியவரே.

அவருடைய சொந்த விண்ணப்பமும் அப்படித்தான் போயிற்று. சின்ன வயதில் அவருடைய அப்பாயி சாவுக்கு என்று ஊருக்குக் கூட்டிப் போய், ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே தங்க வைத்துவிட்டார்கள். அந்த ஒன்றால் பத்து வருஷக் கணக்கு அறுந்துவிட்டது. அதை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, பெரியம்மா அதைச் சொல்லிச் சொல்லி அவரைத் திட்டுவார். "படிவத்தில் கேட்டிருந்தான், நடந்ததை எழுதினேன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

பிறகு 1964 அக்டோபரில் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே இலங்கையில், மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். மறுபடியும் படிவம், மறுபடியும் நம் இஸ்தோப்பில் வரிசை. கூடலூர் அத்தைக்கு யார் எழுதினார்கள் என்று நினைக்கிறாய்? அவர்தான். தன் கூடப் பிறந்த தங்கைக்குத் தன் கையாலேயே எழுதினார். மாமா போவதென்று பிடிவாதமாக நின்றார், அத்தை அழுதார், பெரிய தாத்தா ஒரு பக்கமும் பேசவில்லை, கேட்ட விஷயத்துக்கு மட்டும் விளக்கம் சொன்னார், பிறகு எழுதினார். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி புறப்படும்போது எழுந்த ஒப்பாரியை நான் சின்னப் பிள்ளையாகக் கேட்டேன், இன்றைக்கும் காதில் இருக்கிறது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, தமிழ்நாட்டில் மண்டபம் முகாமில் கிடந்து, நீலகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்து முதல் கடுதாசி வர எத்தனையோ மாதமாயிற்று. அதைக் கொண்டு வந்து என் அப்பாவிடம் கொடுத்து, "நீ வாசி" என்றார். அந்த ஒரு கடுதாசியை மட்டும் அவர் வாசிக்கவில்லை.

அவருக்குக் குடியுரிமை கிடைத்தது 1988இல் நாடற்றவர்களுக்கு என்று சட்டம் வந்தபோது, சத்தியக் கடதாசியைக் கொண்டு. அறுபது வயது தாண்டிவிட்டது. அந்தக் கடதாசியையும் அவரே எழுதினார். அதற்குள் நம் தோட்டத்தில் அவர் எழுதிக் கொடுத்துக் குடியுரிமை பெற்றவர்களின் பேரப்பிள்ளைகள் வாக்குப் போடப் போய்க்கொண்டிருந்தார்கள், இவர் வாக்குச்சாவடிக்கு வெளியே நின்று வழி காட்டிக்கொண்டிருந்தார். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. அவருக்குக் கோபமே வராதா என்று ஒரு தடவை கேட்டேன். "கோபம் வரும்மா. கோபத்தோடு எழுதினால் எழுத்துப் பிழை வரும், பிழை வந்தால் அவர்களுக்குக் கிடைக்காது" என்றார்.

இதையும் கேள், இதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். நீ தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. பல்கலைக்கழகத்திலிருந்து பெரிய படிப்புப் படித்த ஒருவர், நம் பக்கத்துப் பாட்டுகளைச் சேகரிக்கிறார் என்று, பெரிய தாத்தாவைத் தேடி வருவதாகக் கடுதாசி போட்டிருந்தார். தோட்டம் முழுக்க ஒரே பரபரப்பு. தோட்டத்துத் தலைவர் வந்தார். "லயத்தில் வைத்துப் பார்க்க வேண்டாம், பள்ளிக்கூட மண்டபத்தில் கதிரை மேசை போட்டு, மாலை வாங்கி வைத்து, அங்கே பேசலாம். அவர் காரில் வருகிறார், இந்தப் படியில் எப்படி ஏறி வருவார்?" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். பெரிய தாத்தா, "அவர் எனக்குக் கடுதாசி எழுதியிருக்கிறார். நான் இங்கேதானே இருக்கிறேன்" என்றார். சண்டையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டு சொன்னார். தலைவருக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

அந்த மனுஷர் ஸ்டோர் கேட்டில் காரை விட்டுவிட்டு, மழை பெய்த மண் பாதையில் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். பெரிய தாத்தா வெளுத்த சாரத்தோடு இறங்கிப் போய்க் கூட்டி வந்தார். வீடு சின்னது, மன்னிக்க வேண்டும், வசதி இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை தம்பி. இஸ்தோப்பில் பாய் விரித்தார், தானும் உட்கார்ந்தார், பெரியம்மா ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொடுத்தார், வந்தவர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் அவர் கொப்பியைத் திறந்து பாட்டுகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கியதும், பெரிய தாத்தா, "ஐயா, எனக்குத் தெரிந்தது புத்தகத்தில் உள்ளது, அது உங்களுக்கும் தெரியும். பாட்டு தெரிந்தவர் கீழ் லயத்தில் இருக்கிறார்" என்று சொல்லி எழுந்துவிட்டார். கீழ் லயத்துக் கிழவி என்று மேலே எழுதினேனே, அவளுடைய அம்மா. கொழுந்து எடுத்துவிட்டு வந்து விறகு பிளந்துகொண்டிருந்தாள். அவளை உட்கார வைத்து, அவள் கூச்சப்பட்டபோது தானே முதல் அடியைப் பிழையாகப் பாடினார், அவள் பொறுக்க முடியாமல், "அப்படி இல்ல அண்ணே" என்று திருத்திப் பாட ஆரம்பித்துவிட்டாள். இருட்டும் வரை பாடினாள். தாலாட்டு, கும்மி, கங்காணியைத் திட்டுகிற பாட்டு, கண்டிச் சீமைக்கு வந்த கதைப் பாட்டு. பெரிய தாத்தா அவள் காலடியில் உட்கார்ந்து, வந்தவருக்கு விளங்காத சொல்லுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மேல் மாடியில் நின்று படித்த அவ்வளவு படிப்பும் அன்றைக்கு ஒரு பொம்பிளையின் காலடியில் உட்கார்ந்திருந்தது, அதை நான் என் கண்ணால் பார்த்தேன். வந்தவர் போன பிறகு, அவர் கேட்டதில் பிழையாக எழுதிக்கொண்ட இடங்களை எல்லாம் பெரிய தாத்தா இரண்டு தாளில் திருத்தி அனுப்பினார். "தங்களுக்குத் தெரியாததல்ல" என்று ஆரம்பித்து எழுதினார். அந்தக் கடுதாசியின் நகல் தங்கச்சியிடம் அவருடைய கொப்பிகளோடு இருக்கிறது.

2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, நம் ஆட்கள் வந்து 200 வருஷம் என்று, அப்போது நீ முகநூலில் எழுதியிருந்தாய். என் பாட்டன் பூட்டன் இந்தப் பாதையில்தான் நடந்து வந்தார்கள், வழியில் செத்தவர்களுக்குக் கல்லறை கூட இல்லை, நான் அவர்கள் பிள்ளை என்று. தங்கச்சி வாசித்துக் காட்டினாள். நான் அழுதேன். அப்பா அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார், பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். பெரிய தாத்தா இருந்திருந்தால் உன்னைக் கட்டிப்பிடித்திருப்பார் என்று நினைத்தேன். விஜயதசமிக்கு உன் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைத்தவர் அவர். அப்படி எழுதிய பிள்ளை நீ, எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

தங்கச்சி சொன்னாள். பெண் வீட்டார் வரும்போது ஹட்டனில் ஒரு ஓட்டலில் வைத்துச் சந்திக்கலாம் என்று நீ சொன்னதாக. ரோடு மோசம், அவர்கள் வேன் ஏறாது, அந்த அம்மாவுக்கு நடக்க முடியாது என்று. ரோடு மோசம்தான். மழைக்கு இரண்டு இடத்தில் அரித்துக் கிடக்கிறது, பொய் இல்லை. அதற்காகச் சொன்னாய் என்றால் அது வேறு. வேன் ஸ்டோர் கேட் வரைக்கும் வரும், அதற்கு மேலே பக்கத்து வீட்டுத் தம்பியின் ஆட்டோ இருக்கிறது, இரண்டு தடவை போய் வந்தால் எல்லோரையும் ஏற்றி வந்துவிடலாம், நான் அவனிடம் சும்மா விசாரிப்பதுபோல் கேட்டும் வைத்தேன், எந்த நாள் என்றாலும் வருகிறேன் அக்கா என்றான்.

ரோட்டுக்காக இல்லை என்றால் என்னிடம் சொல்லு. நான் கோபிக்கமாட்டேன். நீ அங்கே எத்தனை பேரின் பார்வையைத் தாங்கி வேலை செய்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்ததும் குரல் மாறுவதை நானும் ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் கேட்டிருக்கிறேன். அது வலிக்கும். ஆனால் அந்தப் பிள்ளை அப்படிப்பட்டவளாக எனக்குத் தெரியவில்லை. போன கிழமை அவளே போன் எடுத்தாள், உன்னிடம் சொன்னாளோ என்னவோ. "அம்மா, உங்கள் வீட்டுக்கு எப்போது வரலாம், இவர் பிறகு பிறகு என்கிறார்" என்று கேட்டாள். நான் என்ன சொல்வது? "அவன் லீவு பார்த்துச் சொல்வான் அம்மா" என்றேன்.

அப்பாவுக்கு ஓட்டல் விஷயம் தெரியாது. நான் சொல்லவில்லை, தங்கச்சியையும் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் படி கட்டியதும் பெயின்ட் வாங்கியதும் எதற்கு என்று உனக்கு விளங்கும். சொல்வதென்றால் நீயே அவரிடம் சொல்லு, நான் சொல்லமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. கடைச் சாப்பாட்டை ராத்திரியிலாவது குறை. அப்பாவின் எண்ணெய் ஹட்டனில் கிடைக்கவில்லை, கொழும்பில் அந்தச் சிவப்பு மூடிப் போத்தல் கிடைத்தால் இரண்டு வாங்கிக்கொள். ராத்திரி பஸ்ஸில் வராதே, திரும்பவும் சொல்கிறேன்.

பெரிய தாத்தாவை அவர்களிடம் ஸ்டோரில் வேலை செய்தவர் என்றே சொல்லு. மற்றதை அவர்கள் இங்கே வரும்போது நான் சொல்கிறேன், கொப்பிகளையும் எடுத்துக் காட்டுகிறேன். காமன் தகனம் முடிந்த பிறகு வரும் சனி ஞாயிறு ஏதாவது ஒன்று என்றால் எனக்கு வசதி, அதற்கு முன்னால் ராத்திரிச் சத்தத்தில் அவர்களுக்குத் தூக்கம் வராது. அவர்கள் சைவமா, மீன் இறைச்சி சாப்பிடுவார்களா என்று கேட்டு இந்தக் கிழமைக்குள் சொல்லு. சாப்பிடுவார்கள் என்றால் கோழிக்கு இப்போதே சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா